சிறியதை அளந்த மனிதர்

இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருக்கிறேன். அங்குள்ள கருவிகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது கால்வனாமீட்டர். காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் உணரவே முடியாத அளவு சிறிய மின்னோட்டம் பாய்ந்தாலும் அது சற்றே திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கொண்டு மின்னோட்டத்தின் அளவைச் சொல்லிவிடலாம். டி ஆர்சன்வால் கால்வனாமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவோம்; எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் அந்தப் பெயரை மீண்டும் சந்தித்தேன். என் தமக்கையின் கணவருக்கு நெடுநாளாகக் கல்லீரல் இறுக்க நோய் உண்டு. வழக்கமான ஸ்கேன் பரிசோதனை ஒன்றில் அவருடைய கல்லீரலில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. புற்றுநோய் என்று உறுதியாயிற்று. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையை அவருடைய கல்லீரல் தாங்காது; எனவே தோலின் வழியாக ஓர் ஊசியைச் செலுத்தி, அதன் முனையில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, கட்டியை இருந்த இடத்திலேயே சுட்டு அழித்துவிடலாம் என்றார் மருத்துவர். ரேடியோ ஃப்ரீக்குவென்சி அப்லேஷன் என்பது அந்தச் சிகிச்சையின் பெயர்.

அக்கா அரண்டுபோனார். உடம்புக்குள் கரண்டைப் பாய்ச்சினால் உயிர் தங்குமா என்று என்னைக் கேட்டார். இயற்பியல் ஆசிரியன் என்பதால் பதில் சொல்லும் கடமை என்மீது விழுந்தது. அந்த நேரத்தில் என்னிடம் சரியான பதில் இல்லை. தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கு 1891-ஆம் ஆண்டிலேயே விடை கண்டவர், நான் ஆயிரம் முறை பதிவேட்டில் பெயர் எழுதிய அதே மனிதர் என்று தெரிந்தபோது வியப்பைவிட வெட்கமே மிகுந்தது.

ழாக் அர்சேன் தார்சன்வால் 1851-ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று பிரான்ஸ் நாட்டின் லிமூசான் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். லிமோஜிலும் பின்னர் பாரிஸிலும் மருத்துவம் படித்தார். மருத்துவராகிக் கைராசிக்காரர் என்று பெயரெடுத்து வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1873-இல் குளோத் பெர்னாரின் ஆய்வகத்துக்கு அவர் சென்று சேர்ந்தது அவருடைய பாதையை மாற்றியது. அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த உடலியல் அறிஞர் பெர்னார். அவருடைய விரிவுரையின்போது பழுதுபட்டு நின்ற கருவியை, கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் தார்சன்வால் சரிசெய்து கொடுத்ததாகவும், அந்தக் கைத்திறனே ஆசிரியரின் கவனத்தை அவர்பால் ஈர்த்ததாகவும் சொல்வார்கள்.

பெர்னாரின் ஆய்வகத்தில் அப்போது ஆராயப்பட்ட பெரும் பொருள் உடலின் வெப்பம். உயிருள்ள உடல் எங்கே வெப்பத்தை உண்டாக்குகிறது, எங்கே இழக்கிறது என்பதை அறிய, ஒரு பாகையின் சிறு பின்னத்தையும் அளந்தாக வேண்டும். இதற்காகத் தசைக்குள் செலுத்தும் வெப்பமின் ஊசிகளைச் செம்மைப்படுத்துவதில் தார்சன்வால் ஈடுபட்டார். நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கு ஏற்ப வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கும் பெட்டிகளையும் வடிவமைத்தார். திசுவுக்குள் ஊசியைச் செலுத்தி வெப்பத்தை அளந்தவரின் கண்டுபிடிப்பு, ஒரு நூற்றாண்டு கழித்துத் திசுவுக்குள் ஊசியைச் செலுத்தி வெப்பத்தை உண்டாக்கப் பயன்படும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

1878-இல் பெர்னார் மறைந்தார். அவரிடத்துக்குப் பிரௌன்-செக்கார் வந்தார். தார்சன்வால் அவருக்குத் துணையாக கொலேஜ் த பிரான்ஸ் நிறுவனத்திலேயே தொடர்ந்தார். 1882-இல் அங்கு உயிர் இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மார்செல் தெப்ரே என்ற பொறியாளருடன் சேர்ந்து அவர் தம் புகழ்பெற்ற கால்வனாமீட்டரை உருவாக்கியதும் அதே காலத்தில்தான்.

அதற்கு முந்தைய கருவிகளில் சுருள் நிலையாக இருக்கும்; சிறிய காந்த ஊசி திரும்பும். அக்கம்பக்கத்தில் இரும்புப் பொருள் அசைந்தாலும் அந்த ஊசி தடுமாறும். தார்சன்வாலும் தெப்ரேயும் இந்த அமைப்பைத் தலைகீழாக்கினர். வலிமையான காந்தத்தை அசையாமல் நிறுத்தினர். எடை குறைந்த சுருளை அதனிடையே திரும்ப விட்டனர். வெளித் தொந்தரவுகள் அடங்கின. நரம்பிலும் தசையிலும் ஓடும் நுண்ணிய மின்னோட்டங்களை நம்பிக்கையோடு அளக்க முடிந்தது. பின்னர் உலகெங்கும் உருவான முள் வகை மின்னளவிகள் பலவற்றுக்கும் இந்த அமைப்பே தாய்.

சிறிய வேறுபாடுகளில் ஒளிந்திருக்கும் பெரிய விஷயங்களைக் காணும் கண் அவருக்கு இருந்தது. கடலின் வெதுவெதுப்பான மேல்நீருக்கும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்று 1881-லேயே எழுதினார். அவருடைய மாணவர் ழோர்ழ் குளோத் 1930-இல் கியூபாவில் அதைச் செய்து காட்டினார். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கி வருவதும் அதே வெப்ப வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான்.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். தெருவிளக்குகளுக்கும் ஆலைகளுக்கும் மின்சாரம் பரவிய 1880-களில், மின்சாரம் தாக்கி இறப்பதும் புதிய செய்தியாகப் பரவியது. 1890-இல் அமெரிக்காவில் மரண தண்டனைக்கே மின்சார நாற்காலி வந்துவிட்டது. இந்த மரணம் எப்படி நேர்கிறது என்பதைத் தார்சன்வால் ஆராய்ந்தார். மின்சாரம் தாக்கி மூச்சு நின்றவரைப் பிணம் என்று கைவிடக் கூடாது, நீரில் மூழ்கியவருக்குச் செய்வதுபோலச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த அறிவுரை பல தொழிலாளர்களின் உயிரைக் காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக அவர் எழுப்பிய கேள்வி எளியது. மாறுதிசை மின்னோட்டம் திசை மாறும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உடலில் என்ன நிகழும்? வேகம் கூடக்கூட முதலில் தசையின் துடிப்பு வலுக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அது குறையத் தொடங்குகிறது. நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கும் மேல் போனால் தசை துடிப்பதே இல்லை, வலியும் இல்லை, இளஞ்சூடு மட்டுமே உணரப்படுகிறது. 1891-இல் இதை அவர் அறிவித்தார். ஹெர்ட்ஸ் உருவாக்கியதைப் போன்ற மின்பொறிக் கருவியைக் கொண்டு அதிர்வெண்ணை நொடிக்குப் பல லட்சமாக உயர்த்தியும் பார்த்தார். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணில் உயிரையே பறிக்கக்கூடிய அளவு மின்னோட்டத்தைத் தம் உடல் வழியாகவும் நண்பர்களின் உடல் வழியாகவும் செலுத்தினார். அவர்களோடு இணைத்திருந்த விளக்கு எரிந்தது. அவர்களுக்கு எதுவும் நேரவில்லை. ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் டெஸ்லாவும் இதே திசையில் சோதித்துக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். நரம்பைத் தூண்டுவதற்கு, உயிரணுவின் சவ்வருகே மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஓரளவு தூரம் நகர்ந்தாக வேண்டும். மின்னோட்டம் அதிவேகமாகத் திசை மாறும்போது, ஓர் அயனி ஒரு பக்கம் கிளம்புவதற்குள் மறுபக்கம் இழுக்கப்படுகிறது. நின்ற இடத்திலேயே அது அதிர்கிறது. அந்த அதிர்வின் உராய்வு வெப்பமாகிறது. நரம்பு மட்டும் அதை அறிவதில்லை.

என் தமக்கைக்கு இதைத்தான் நான் சொன்னேன். வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. அத்தானின் கட்டிக்குள் பாயப்போவது நொடிக்குச் சுமார் ஐந்து லட்சம் சுழற்சி. இரண்டுக்கும் கரண்டு என்றே பெயர் என்றாலும், உடல் அவற்றை ஒன்றாக உணர்வதில்லை. தொடையில் அகன்ற பட்டையை ஒட்டுவதால் அங்கே மின்னோட்டம் பரவி வலுவிழக்கிறது. ஊசியின் முனையில் மட்டும் செறிந்து சுடுகிறது. ஊசி பழுக்கக் காய்ச்சிய கம்பியன்று. அதைச் சுற்றியுள்ள திசுவே தன் சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஐம்பது பாகை செல்சியஸில் சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியும். அறுபதைக் கடந்தால் உடனே மடியும். நூறைத் தாண்டவிட்டாலோ திசு கருகி, கரியே மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். ஆகவே அளவறிந்து சூடேற்றுவதே இதில் கலை.

தார்சன்வாலின் கதையை இங்கேயே முடித்துவிட்டால் அது ஒரு வெற்றிக்கதையாக இருந்திருக்கும். ஆனால், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அவர் வாழ்வின் அடுத்த பகுதி.

அவருடைய மூத்த சகா பிரௌன்-செக்கார் 1889-இல், தம் எழுபத்திரண்டாவது வயதில், விலங்கின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசிமூலம் செலுத்திக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். அச்சாறுகளைத் தயாரிப்பதிலும் ஆராய்வதிலும் தார்சன்வால் துணை நின்றார். உறுப்புகள் இரத்தத்தில் கலக்கும் சுரப்புகளால் உடலை ஆள்கின்றன என்ற அவர்களுடைய பொதுக்கருத்து பிற்காலத்தில் மெய்யாயிற்று. ஆனால், அந்தச் சாறு இளமையைத் தரவில்லை. அதற்குள் அதை விற்றுப் பணம் பார்த்தவர்கள் பலர்.

அதே நாடகம் மின்சாரத்திலும் நிகழ்ந்தது. ஆளுயரக் கம்பிச்சுருள் கூண்டுக்குள் நோயாளியை அமர்த்தி, உடலைத் தொடாமலேயே உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தூண்டும் முறையைத் தார்சன்வால் அமைத்தார். பாரிஸின் ஓத்தெல்-தியு மருத்துவமனையில் 1895-இல் இதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவே தொடங்கியது. உடலின் வளர்சிதை மாற்றத்தை இது சீராக்கும் என்று அவர் நம்பினார். அவர் பெயராலேயே தார்சன்வாலைசேஷன் என்று அந்தச் சிகிச்சை அழைக்கப்பட்டது. நீரிழிவு, கீல்வாதம், இரத்தக் கொதிப்பு, நரம்புத் தளர்ச்சி என எல்லாவற்றுக்கும் அது மருந்தாயிற்று. செல்வந்தர்கள் கூண்டுக்குள் அமரப் போட்டியிட்டனர். ஆண்டுகள் சென்றன, எந்த நோயையும் அது குணப்படுத்தவில்லை என்பது மெல்ல மெல்ல வெளிச்சமாயிற்று. கூண்டுகள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

சிறு மின்னோட்டத்தை அவ்வளவு கறாராக அளந்தவர், நோய் குணமானதா என்பதை அதே கறாருடன் அளக்கவில்லை. சிகிச்சை பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை என்பது உண்மையே. ஆயினும், அவருடைய கருவிக்கூடத்தில் இருந்த ஒழுங்கு அவருடைய சிகிச்சைக்கூடத்தில் இல்லாமல் போயிற்று. எது நிலைத்தது என்று பாருங்கள்: அவர் அளந்து சொன்னது நிலைத்தது, அவர் நம்பிச் சொன்னது மறைந்தது.

அவர் முதன்மையாகக் கருதாத அந்த இளஞ்சூட்டைப் பிறர் எடுத்துக்கொண்டனர். 1900-இல் பாரிஸ் மருத்துவர் ரிவியேர், உயர் அதிர்வெண் மின்பொறியைக் கொண்டு கையிலிருந்த புண் ஒன்றைச் சுட்டு ஆற்றினார். 1907-இல் கீட்டிங்-ஆர் என்பவர் மின்பொறியால் புற்றுநோயை வெல்லலாம் என்று முழங்கினார். பொறியின் சூடு மேற்பரப்பைத் தாண்டிச் செல்லவில்லை என்பதால் அந்த முழக்கமும் அடங்கியது. சில ஆண்டுகளில் துவாயென் என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் உடலையே மின்சுற்றின் ஒரு பகுதியாக்கி, வெப்பத்தை ஆழத்துக்குக் கொண்டுசென்றார். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய மின்கத்தியால், இரத்தப்பெருக்குக்கு அஞ்சிப் பாதியில் கைவிட்டிருந்த ஒரு கட்டியை அகற்றினார். இன்று உலகின் அறுவை அரங்குகளில் எல்லாம் அந்தக் கருவியின் வாரிசுகள் இருக்கின்றன.

தார்சன்வால் இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பார்க்கும் அளவுக்கு நீண்ட ஆயுள் பெற்றிருந்தார். 1894-இல் பிரௌன்-செக்கார் மறைந்தபின் பேராசிரியரானார். அதே ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினருமானார். தாம் பிறந்த மண்ணிலேயே, நாடு போரில் வீழ்ந்து கிடந்த 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், எண்பத்தொன்பதாவது வயதில் கண்மூடினார். கல்லீரலுக்குள் ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியைத் திறக்காமலேயே தெளிவாகக் காணும் வழி அன்று இல்லை. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்த பிறகுதான் ஊசிக்குக் கண் கிடைத்தது. 1990-இல் இத்தாலியில் ரோஸி குழுவினரும் அமெரிக்காவில் மெகாஹன் குழுவினரும் தனித்தனியே, முனை தவிர மற்ற பகுதி காப்பிடப்பட்ட ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்திச் சுடும் முறையை விலங்குகளில் செய்து காட்டினர். சில ஆண்டுகளில் அது மனிதர்களுக்கும் வந்தது.

இன்றைய மருத்துவம், தார்சன்வாலின் சிகிச்சைக்கூடம் கற்காத பாடத்தைக் கற்றிருக்கிறது. இந்த ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது ஒப்பீட்டு ஆய்வுகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலன் நன்று. அதைவிடப் பெரியதானால் ஓரங்களில் புற்றணுக்கள் தப்பிவிடும் வாய்ப்பு கூடும். அருகில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால், ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிச் சென்றுவிடும். பித்தநாளமோ குடலோ ஒட்டியிருந்தால் அவை காயப்படும் ஆபத்து உண்டு. உடல் முழுதும் பரவிவிட்ட நோயை இது மட்டுமே தீர்க்காது. ஆனால், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கல்லீரல் புற்றுக்கு முதல்நிலைச் சிகிச்சையாகவே இதை வழிகாட்டு நெறிகள் ஏற்கின்றன. நுண்ணலையால் சுடுவதும், உறைய வைத்து அழிப்பதும் இதே குடும்பத்தின் பிற கிளைகள்.

கத்தி வைக்காத சிகிச்சை என்பதால் இதை மாயம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கத்தி வைக்காததால் இது அரைகுறை என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரிடமும் நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எத்தனை கட்டிகள்? எந்த இடத்தில், எதற்கு அருகில்? சுட்டபின் முழுதும் அழிந்ததா என்பதை எப்போது, எதைக் கொண்டு பார்ப்பீர்கள்? அளவைச் சொல்லாத நம்பிக்கை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அது தார்சன்வாலின் கூண்டைப் போன்றதுதான்.

அத்தானுக்குச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்து ஊசியைச் செலுத்தி, ஒருமணி நேரத்துக்குள் வெளியே அழைத்துவந்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு கல்லீரலின் வேறு பகுதியில் இன்னொரு சிறு கட்டி தோன்றியது. அதையும் அவ்வாறே அழித்தார்கள். இறுகிப்போன கல்லீரல் புதிய கட்டிகளுக்கு இடம் தரும் மண்; ஊசி கட்டியை அழிக்குமே தவிர அந்த மண்ணை மாற்றாது. இதை மருத்துவர் முதல் நாளே எங்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். அதனால் இரண்டாம் கட்டி எங்களை வருத்தியதே தவிர ஏமாற்றவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது எங்கள் குடும்ப நாட்காட்டியில் திருவிழாக்களைப்போல நிலைத்துவிட்டது.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கையில், அத்தானைக் காத்தது ஊசி மட்டுமன்று. கட்டி இரண்டு சென்டிமீட்டராக இருக்கும்போதே கண்ணில் பட்டது என்பதுதான் முதல் காரணம். கல்லீரல் இறுக்கம் உள்ளவர்களும், நாள்பட்ட ஹெபடைடிஸ்-பி தொற்று உள்ளவர்களில் மருத்துவர் அறிவுறுத்துபவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவ உலகம் சொல்லிவருகிறது. வலியில்லை, தொந்தரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களே நம்மிடையே அதிகம். அந்த ஊசிக்கு எட்டும் தூரத்தில் இருந்த கட்டி, அப்படித் தள்ளிப்போட்ட மாதங்களில் எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. முளையிலேயே கிள்ளுவதற்கு, முளையைப் பார்த்தாக வேண்டும்.

அண்மையில் நான் பணியாற்றிய பள்ளியின் ஆய்வகத்துக்குச் சென்றிருந்தேன். பழைய கால்வனாமீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது. மாணவர்களை அழைத்து, அந்தப் பெயருக்கு உரியவரின் கதையைச் சொன்னேன். அவர் அளந்ததையும் சொன்னேன். அளக்க மறந்ததையும் சொன்னேன். பிறகு கம்பிகளை இணைத்தோம். சுருள் மெல்லத் திரும்பியது.